கோட்டுக்கு இந்தப் பக்கம்

பயிற்சி மைதானத்துக்கு நாம் எதற்காகப் போகிறோம்? பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பக் கூட்டி வருவதற்கு என்று உடனே பதில் சொல்லிவிடலாம். விட்ட பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அந்த ஒன்றரை மணி நேரம் எதற்கு? மகனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறவர்கள்கூட மகளுக்காகக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. மூன்று ஆண்டுகளாக, வாரத்தில் நான்கு நாள், விடிவதற்குள் என் மகளைக் கால்பந்துப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஓடு, ஓடுடி!" "அவளுக்குக் குடுக்காத, நீயே அடி!" "வெயில்ல எப்படிக் கறுத்துப் போயிட்டா பாருங்க." "பெரியவளாயிட்டா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த அரைக்கால் டவுசர்?" முதல் இரண்டும் அநேகமாக அப்பாக்களின் குரல். அடுத்த இரண்டும் அம்மாக்களுடையவை. சொல்பவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நான்கு பேச்சும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. பந்தில் இருக்கவேண்டிய அவள் கண்ணை நம் பக்கம் திருப்பிவிடுகின்றன.

பயிற்சி என்பது தப்பு செய்வதற்கென்றே ஒதுக்கிய நேரம். இடது காலால் உதைக்கப் பழகுகிறவள் பலமுறை தப்பாக உதைத்துத்தான் கற்றுக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆரம்பித்தால், தெரிந்த வலது காலையே நீட்டுவாள். பயிற்சியாளர் "முன்னே ஏறு" என்கிறார், அப்பா "பின்னால் நில்" என்கிறார். இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்ப்பவள் நடுவில் திகைத்து நிற்கிறாள். பயிற்சியாளரோடு நமக்குக் கருத்து வேறுபாடு இருந்தால் பயிற்சி முடிந்த பிறகு, பிள்ளைகள் காதில் விழாமல் பேசலாம்.

இதுவரை சொன்னது ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெண்ணுக்கு இன்னொன்றும் இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் பேருந்திலும் அவள் எப்போதும் யாரோ ஒருவர் பார்வையில்தான் இருக்கிறாள். எப்படி உட்காருகிறாள், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறாள் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. தன் உடல் எப்படித் தெரிகிறது என்று நினைக்காமல், அதனால் என்ன முடியும் என்று மட்டும் நினைக்கக் கிடைக்கும் அரிதான இடம் மைதானம். சகதியில் விழுந்து, முட்டி உரிந்து, துடைத்துக்கொண்டு எழுந்து ஓடலாம். அங்கேயும் நம் பார்வை கூடவே போனால் அது அவளுக்கு வீட்டின் இன்னொரு அறை, அவ்வளவுதான்.

"அதற்காகப் பெண் பிள்ளையைத் தனியே விடச் சொல்கிறாயா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்று சொல்லும் பயிற்சிக் கூடத்தை நானும் நம்பமாட்டேன். ஆனால் பக்கத்தில் இருப்பது மட்டுமே பாதுகாப்பா? அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் மிச்சிகன் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக 150க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்கள் பதிவாயின. சிகிச்சை என்ற பெயரில் அவர் செய்த வன்கொடுமைகளில் சில, பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே நடந்தவை. வீட்டில் சொல்லியும் நம்பப்படாத சிறுமியும் பாதிக்கப்பட்டவர்களில் உண்டு.

அதனால் காவலையும் கண்காணிப்பையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். காவல் என்றால் கண் இடத்தின்மேல் இருக்கவேண்டும். பயிற்சி திறந்த வெளியில் நடக்கிறதா? எந்தப் பெற்றோரும் எந்த நேரத்திலும் வந்து பார்க்க முடியுமா? சிறுமியோடு யாரும் மூடிய அறையில் தனியாக இருக்காதபடி விதி இருக்கிறதா? இவற்றைக் கேட்பது நம் கடமை. அவள் எப்படி ஓடுகிறாள், எங்கே தடுக்கினாள் என்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது கண்காணிப்பு. மேலே சொன்னவை சரியாக இருந்தால் தள்ளிப்போய் மரத்தடியில் உட்காரலாம். "அந்த ஆள் தொடுறது எனக்குப் பிடிக்கல" என்று அவள் சொல்லும் நாளில், குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்பவேண்டும். ஓடும்போதெல்லாம் குறை கேட்டு வளர்ந்த பெண் அந்த ஒரு வாக்கியத்தை நம்மிடம் கொண்டுவருவாளா என்பதையும் யோசிக்கவேண்டும்.

வராத பெற்றோரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்று, பாலினச் சோதனையின் பேரில் அதை இழந்த சாந்தி சௌந்தரராஜனின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். கூலிக்குப் போகும் ஒரு தாய் காலையில் மைதானத்தில் உட்கார முடியாது. "அவங்க வீட்ல அக்கறை இல்ல" என்று நாம் தீர்ப்பெழுதக் கூடாது. அவள் மகளுக்கும் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோவது அதைவிட நல்ல பழக்கம். வரும் அப்பாவுக்குப் பாராட்டும், வராத அம்மாவுக்குப் பழியும் கிடைப்பது ஏன் என்றும் கேட்டுக்கொள்வோம்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் வாயையே திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "என் பெண்ணை ஏன் உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்கும் குரலை, "பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே?" என்று கேட்கப் பயன்படுத்தலாம். பையன்கள் வந்ததும் பெண்கள் அணி ஏன் மூலைக்குத் தள்ளப்படுகிறது, விளக்கு ஏன் எரியவில்லை, மாதவிடாய் நாளில் ஓய்வு கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. ஒருத்தி கேட்டால் சண்டைக்காரி என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். காத்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பத்துப் பேரைச் சேர்க்கலாம்.