தலைமையும் பெண்மையும்

அரசியல் மன்றங்களிலும் பொருள்வளர்க்கும் நிறுவனங்களிலும் ஆடவர்க்கு ஒப்ப மகளிர்க்கும் தலைமையிடம் வேண்டும் என்னும் கோரிக்கை இக்காலத்து வலுத்து வருகின்றது. இதனை அரசியலறிஞர் ஒருவாற்றானும் பொருளியலறிஞர் மற்றொருவாற்றானும் ஆராய்வர். சித்தாந்த சைவர் ஆராய்தற்குரிய வினாவும் இதன்கண் ஒன்று உளது. ஆளுதல் என்னுந் தொழில் உடம்பிற்குரியதோ, உயிர்க்குரியதோ என்பதே அது. விடை நம் நூல்களிற் கிடந்தும், அதனை நம் வழக்கத்தோடு பொருத்திப் பார்த்தார் மிகச் சிலரே. மடங்களும் திருக்கோயில் அறங்காவல் அவைகளும் நம் கையில் இருத்தலின், இவ்வாராய்ச்சி பிறர்க்குச் செய்யும் உபதேசமாய் நில்லாது நம்மேலேயே வந்து முடியும் என்பதனையும் முதற்கண்ணே கூறிவிடுகின்றேம்.

சிவஞானபோதத்து முதற் சூத்திரம் உலகினை ஆண், பெண், அஃறிணை என மூன்றாக வகுத்தே எடுத்தோதுகின்றது. அஃது எற்றிற்கெனின், உலகு முத்தொழிற்படும் என்று நிறுவுதற்கு. எனவே ஆணென்றும் பெண்ணென்றும் சுட்டியறியப்படும் பகுப்பு, தோன்றி நின்று ஒடுங்கும் மாயாகாரியமாகிய உடம்பினைப் பற்றியதென்பது பெறப்படும். உயிர் அவ்வுடம்பின் வேறாயது என மூன்றாஞ் சூத்திரம் நிறுவும். இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றும் அவ்வுயிரின் ஆற்றல்கள். ஆணவம் அவற்றை மறைத்து நிற்ப, அம்மறைப்பினைச் சிறிதே விலக்கிக் கலை செயலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் விளக்கும். இத்தத்துவங்கள் ஆடவர்பால் மிக்கும் மகளிர்பாற் குறைந்தும் நிற்கும் எனக் கூறுமிடம், மெய்கண்ட சாத்திரங்களுள் யாம் யாண்டும் கண்டிலேம். இனி, ஆளுதலாவதுதான் யாது? ஒன்றனை வேண்டுதலும், அதனை ஆய்ந்து தெளிதலும், தெளிந்தவாறு செய்தலுமேயாம். மூன்றும் உயிர்க்குரியன.

அற்றேல், ‘உடம்பு வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்படுவது, பெண்ணுடம்பு பெற்றார்க்கு அதற்கேற்ற தொழிலும் வினைவழி வந்ததே, அதனை மாற்றப் புகுதல் வினைக்கொள்கையோடு முரணும்’ எனின், நன்கு கற்றாருஞ் சிலர் இங்ஙனங் கூறக் கேட்டுளேம். அது பொருந்தாது. வினை கூட்டியது உடம்பினை. அவைக்கதவினை அடைத்தது வினையன்று, உள்ளிருந்தார். ஒருவர் எய்துந் துன்பத்தைப் பிராரத்தம் எனச் சுட்டி அமைதல் எளிது. அத்துன்பத்திற்கு ஏதுவாய் நின்றார்க்கு ஏறும் ஆகாமியம் எவர் கணக்கில் எழுதப்படும்? நோயும் வினைவழி வருவதே. அதுபற்றி மருந்து கொடாது நிற்பாரை நல்லாரென எவருங் கூறார். பெண்கல்வியை மறுத்த காலத்தும் இந்நியாயமே பேசப்பட்டது. இன்று அவ்விடத்து அதனைப் பேசுவார் இலர். அவையிருக்கைக்கு மட்டும் அதனைச் சேமித்து வைத்துளர் போலும்.

கதவடைத்தலால் விளைந்த கேட்டிற்கு நம் கோயில்களினின்றே ஒரு சான்று காட்டுதும். சிறுமியரைத் திருக்கோயில்களிற் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. சென்னை மாகாணத்தில் 1921-ஆம் ஆண்டு மகளிர்க்கு வாக்குரிமை வந்தது. இந்திய மாகாணங்களுள் அதனை முதற்கண் வழங்கியது அதுவே. பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அச்சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணியாராய், 1927-இல் அதன் துணைத்தலைவராகவுந் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டுதலை ஒழித்தல் வேண்டுமென அவ்வாண்டே தீர்மானங் கொணர்ந்தார். தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற்பணிக் கட்டினின்றும் விடுவித்த திருத்தம் 1929-இல் வந்தது. 1947-இல் அவ்வழக்கமே சட்டத்தால் விலக்கப்பட்டது. ஆடவருள்ளும் அதனை வெறுத்துப் பேசினார் இருந்தனர், மறுக்கிலேம். ஆயினும் அக்கோயில்களை நாடோறும் ஆண்ட ஆடவர் அவைகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுங் காணாதிருந்த ஒன்றனை, ஒரு பெண்மணியார் அவையேறிய அணிமையிலேயே எழுப்பினார் என்பது சிந்திக்கத்தக்கது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. ஒரு சார்பினரே நிறைந்த அவை அச்சார்பின் வண்ணமே காணும். ஏனையது அதன் கண்ணிற்படாது.

பண்டு மகளிர் தலைமை இல்லையோ எனின், உண்டு. அரசன் புறச்சமயஞ் சார்ந்து நின்ற காலத்து, அமைச்சர் குலச்சிறையாரொடு கூடி ஆளுடைய பிள்ளையாரை மதுரைக்கு அழைப்பித்தவர் மங்கையர்க்கரசியார். செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கி நிவந்தங்கள் வைத்த செம்பியன் மாதேவியாரின் பொருளாட்சியைக் கல்வெட்டுக்கள் கூறும். எனினும் அரசகுடும்பத்தார் சிலரைக் காட்டி அமைதல் வாதத்திற்குப் போதாது. அறுபத்துமூவருள் மகளிர் மூவர் உளர் எனப் பெருமை பேசுவாரும் உளர். தொண்டர்தம் திருக்கூட்டத்தை வாக்கெண்ணிக்கையோடு ஒப்பிடுதல் தகாது; ஆயின், அங்ஙனம் ஒப்பிடத் தொடங்குவார் மூன்றென்பது எத்தகைய எண்ணென்றும் நினைந்து பார்ப்பாராக.

1992-இல் நிறைவேறிய எழுபத்துமூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கிற்குக் குறையாத இடத்தை மகளிர்க்கு ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. ஒதுக்கீடில்லா மன்றங்களின் நிலையோ வேறு. 2021-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 12-இலும், 2024-இல் மக்களவையின் 543 இடங்களுள் 74-இலுமே மகளிர் வென்றனர். 2023-இல் இயற்றிய நூற்றாறாந் திருத்தம் இவ்விரண்டிலும் மூன்றிலொரு பங்கினை வகுத்ததெனினும், மக்கட்கணக்கும் தொகுதிவரையறையும் முடிந்தபின்னரே அது நடைமுறைக்கு வருமென அதுதானே விதித்தது.

‘தகுதி நோக்காது இடம் ஒதுக்கின் அவை தாழுமன்றோ’ என்பது அடுத்த ஆசங்கை. கண்ணிற்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் ஒளியின் உதவியின்றி இருளிற் காணாது. அதுபற்றிக் கண்ணைக் குருடெனல் அமையுமோ? அவைத் தொழில் அவையிலிருந்தே பயிலப்படுவது. பயிலும் இடத்தை மறுத்துவிட்டுப் பயிற்சியின்மையைக் குற்றமாகக் கூறுதல், விளக்கை அவித்தவனே நூல் படித்திலையென்று வெகுளுதல் போலும். மாயாகாரியங்களை ஞாயிறு எழுமளவும் உதவும் விளக்கென நம் ஆசிரியர் உவமிப்பர். ஒதுக்கீடும் அத்தகைய விளக்கே. விடிந்தபின் அதனை எவரும் விரும்பார்.

இனி மெய்யான குறை ஒன்று உளது. ஊராட்சித் தலைவியின் நாற்காலியிற் கணவன் இருந்து ஆளுதலைப் பலருங் கண்டுளர். பங்குச் சந்தையிற் பதிவுற்ற கம்பெனிகளின் இயக்குநருள் ஒரு பெண்ணேனும் இருத்தல் வேண்டுமென 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தபோது, தம் மனைவியரை அமர்த்திக் கணக்குக் காட்டினாரும் உளர். அறிவும் செயலும் பிறருடையனவாகப் பெயர்மாத்திரையாய் இருக்கும் இருப்பு, சூத்திரப்பாவையின் இருப்பே. ஆயின் கயிற்றினைப் பிடித்தார் எவர்?

இவ்வினாவினைப் பிறரை நோக்கி விடுத்தற்கு எமக்குத் தகுதி குறைவு. ஒரு திருக்கோயிலின் அறங்காவல் அவையில் யாம் சில்லாண்டு இருந்தேம். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் திருத்தங்களோடு கூறுகின்றவாறு, அறங்காவலருள் ஒருவர் பெண்மணியார். கூட்டம் முடிந்த மறுநாள் தீர்மானப் புத்தகம் அவர் இல்லத்திற்குச் செல்லும். கையொப்பம் பெற்று மீளும். அவரைக் கூட்டத்திற்கு அழைப்பார் இலர். ஆன்மாவிற்கு ஆண் பெண் இல்லையென மேடைதோறும் விரித்துரைத்த யாமும், இரண்டாண்டு அதனைக் கண்டு வாளா இருந்தேம்.

ஒருநாள் புத்தகங் கொண்டுசெல்லும் பணியாள் வாராமையின், அவ்வம்மையார் தாமே அலுவலகம் போந்தார். கூட்டம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஒருவர் எழுந்து நாற்காலி இட்டார். சிறிதுபோது கேட்டிருந்துவிட்டு, கோயில் நன்செய் நிலங்களிற் குத்தகை பாக்கி எவ்வளவென்றும், அஃது எவரெவர் பெயரில் நிற்கின்றதென்றும் வினவினார். யாம் இருந்த ஆண்டுகளில் எம்முள் எவரும் வினவாத வினா அது. கணக்கர் குத்தகைப் பேரேட்டினைக் கொணர எழுந்தார். அஃது எவ்வலமாரியில் உள்ளதென்பது எம்முள் ஒருவருக்கும் தெரிந்திலது.