நோயுற்ற துணையும் வாய்மை அறமும்

இல்வாழ்வில் இன்பத்தைப் பகிர்தல் எளிது. துன்பத்தைப் பகிர்தல் அரிது. துன்பம் பற்றிய செய்தியைப் பகிர்தல் அதனினும் அரிது. மனைவிக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் கணவனைத் தனியே அழைத்துக் கூறுவதும், "அவவுக்குச் சொல்ல வேண்டாம்" என்று அவன் கைகூப்பி வேண்டுவதும் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியன அல்ல. அதன் பின்னர் சிகிச்சைக் காலம் முழுவதும் அவளை வீட்டில் வைத்துப் பேணுபவனும் அவனே. அன்பினாற் செய்யப்படும் இம்மறைப்பு அறமாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினா தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1961 இல் வெளியான ஆய்வொன்றில், வினவப்பட்ட வைத்தியர்களுள் ஏறத்தாழ 90 வீதத்தினர் புற்றுநோயாளருக்கு அவர்தம் நோயைக் கூறாதிருப்பதையே விரும்பினர். 1979 இல் வெளியான மற்றோர் ஆய்விலோ 97 வீதத்தினர் கூறுவதையே விரும்பினர். நோயாளர் உண்மையைத் தாங்கார் என்பது மனித இயல்பு பற்றிய மாறாத விதியன்று, ஒரு காலத்தவர் கொண்டிருந்த எண்ணமே என்பது இதனாற் புலனாகும்.

மெய்யியலாளரிடையேயும் இது குறித்து ஒருமைப்பாடு இல்லை. ஜேர்மானிய அறிஞர் இமானுவேல் கான்ற், 1797 இல் எழுதிய கட்டுரையொன்றில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடத்தும் பொய் கூறுதல் தகாது என வாதிட்டார். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வேறொரு நெறியைக் காட்டுகிறார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அவர் கருத்து. உண்மையை மறைக்கும் கணவன் தனக்குத் துணையாகக் கொள்ளத்தக்கது இக்கருத்தேயாகும். ஆயின், வள்ளுவர் வெறும் நன்மை என்று கூறி நிறுத்தவில்லை. குற்றமற்ற நன்மை என்று வரையறுத்தார். எனவே, மறைப்பினால் விளைவது அத்தகைய நன்மைதானா என்பதை நோயாளி வாழும் வீட்டினுள்ளே வைத்து நோக்குதல் வேண்டும்.

இரசாயன சிகிச்சையின் ஒருநாள் வைத்தியசாலையில் கழியும். அடுத்துவரும் கிழமைகள் வீட்டிலேயே கழியும். மருந்துகள் பலவற்றைப் பொறுத்தவரை, அவை ஏற்றப்பட்டு 7 முதல் 14 நாட்களில் குருதியிலுள்ள வெண்கலங்கள் மிகக் குறைந்துவிடும். அவ்வேளையில் உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டுமாயின் தாமதமின்றி வைத்தியசாலையை நாடவேண்டும். தன் நோயை அறியாத பெண் அக்காய்ச்சலை வெறும் தடிமன் என்றே கருதுவாள். பரசிற்றமோல் இரண்டை விழுங்கிவிட்டு, வேலைக்குச் சென்ற கணவன் மாலையில் வரும்வரை பேசாதிருப்பாள். மறைத்தலால் விளையும் முதற்கேடு இது. தன் உடலைக் காக்கும் பொறுப்பை ஏற்க வல்ல முதல் ஆளே அப்பொறுப்பினின்றும் விலக்கப்படுகிறாள்.

இனி, அவள் உண்மையிலேயே அறியாதிருக்கிறாளா என்பதும் ஐயத்துக்குரியது. சீப்பில் கொத்தாக வரும் மயிரும், கிளினிக் வாங்கில் அருகே அமர்ந்திருப்போரின் பேச்சும், தான் வந்ததும் தணிந்துவிடும் உறவினரின் குரலும் அவளுக்கு உண்மையை உணர்த்திவிடும். அறிந்த பின்னும், கணவன் வருந்துவான் என அஞ்சி அறியாதவள் போன்று நடந்துகொள்வாள். அவன் அவளுக்காக நடிக்கிறான். அவள் அவனுக்காக நடிக்கிறாள். கஞ்சிக் கோப்பையைக் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் தொட்டுக்கொள்கின்றன. உள்ளங்களோ தனித்தனியே அழுகின்றன. 1967 இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் பராமரிப்பகத்தைத் தோற்றுவித்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வலி உடலோடு அமைவதன்று, உள்ளமும் உறவும் ஆன்மாவும் சேர்ந்ததே முழுமையான வலி என விளக்கினார். அவ்வாறாயின், நோவைக் குறைக்க எண்ணிச் செய்யும் மறைப்பு, நோவின் ஒரு பகுதியை இருவருக்கும் பெருக்குகின்றது என்றே கொள்ளவேண்டும்.

மூன்றாவதாக, பேணுதல் என்பது ஆளுதல் அன்று. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தின் உறுப்புக்களாக நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பேணுபவர் என நான்கினை எண்ணுகிறது. முதலிடம் நோயாளிக்கே உரியது; பேணுபவர் இடம் நான்காவது. கணவன் தன் இடத்தை விட்டு மனைவியின் இடத்தையும் எடுத்துக்கொள்வானாயின், தமக்கையுடனான நெடுநாட் பிணக்கைத் தீர்ப்பதற்கும், பிள்ளையிடம் சொல்ல வேண்டியவற்றைச் சொல்வதற்கும், சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா எனத் தீர்மானிப்பதற்கும் அவளுக்கிருந்த காலம் பறிபோய்விடும். கணவன் நோயுற்று மனைவி பேணுமிடத்தும் இதுவே பொருந்தும்.

இதனால், உண்மை முழுவதையும் ஒரே நாளிற் கொட்டிவிட வேண்டும் என்பது கருத்தன்று. அறிய விரும்பாதோரும் உளர். அறியாதிருத்தலும் நோயாளியின் உரிமையே. ஆயின், அதைத் தெரிவு செய்ய வேண்டியவர் நோயாளியே அன்றிப் பிறர் அல்லர். கேளாதவற்றைச் சொல்லாதிருத்தல் வேறு; கேட்டபோது பொய்யுரைத்தல் வேறு. முன்னையது பொறுமை, பின்னையது, எத்துணை அன்பினால் எழுந்ததாயினும், துணைவியைக் குழந்தையாக்கும் செயல்.

ஆகவே, பேணுபவன் முதலிற் செய்ய வேண்டியது ஒரு வினாவை எழுப்புவதே. "உமக்கு எவ்வளவு தெரியவேணும்?" என அருகிருந்து கேட்டு, வரும் மறுமொழிக்கேற்ப நடக்கும் கணவன் கான்றின் கண்டிப்புக்கும் வள்ளுவரின் கருணைக்கும் ஒருங்கே இடமளிக்கிறான். அவ்வினாவுக்குப் பின் அவ்வீட்டில் அழுகை எழலாம். ஆயினும், அது இருவரும் சேர்ந்து அழும் அழுகையாக இருக்கும்.