ஜாமீன் கையெழுத்து

உங்களை ஒன்று கேட்கிறேன். போன ஒரு மாதத்தில் எத்தனை பேருக்கு வைத்தியம் சொல்லியிருப்பீர்கள்?

'நான் என்ன டாக்டரா?' என்று கோபிக்காதீர்கள். சளியா, கற்பூரவல்லி. சுகரா, வெந்தயம். கொலஸ்ட்ராலா, பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடி. தாம்பரத்தில் பீச் லோக்கலில் ஏறி உட்கார்ந்து, 'ரெண்டு நாளா தலை சுத்துது' என்று சொல்லிப் பாருங்கள். குரோம்பேட்டை வருவதற்குள் நாலு மருந்து கிடைத்துவிடும். ஃபீஸ் கிடையாது.

நானும் அப்படி ஒருவருக்குச் சொன்னேன்.

சேலையூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்வீட்டுக்காரர். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைவிட இருபது வயது பெரியவர் என்றாலும் 'வாங்க தம்பி' என்றுதான் கூப்பிடுவார். காலையில் சேர்ந்து நடப்போம். ஒருநாள் புலம்பினார். 'பி.பி. மாத்திரையை ஆயுசுக்கும் போடணுமாம் தம்பி. ஏன், எதுக்குன்னு கேட்டா டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை.'

நான் சொன்னேன்: 'எங்கம்மாவுக்கு மருதம்பட்டைக் கஷாயம் நல்லாக் கேட்டுது சார். மூணே மாசத்துல நார்மல். இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது. சாப்பிட்டுப் பாருங்க.'

அன்று மாலையே மேற்கு தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போய், நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி வந்துவிட்டார். கஷாயம் ஆரம்பித்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஏழாவது வாரம், விடியற்காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. பேச்சு குழறியது. பக்கவாதம்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் இன்னும் சட்டைப் பொத்தானோடு சண்டை போடுகிறது. பார்க்கப் போனபோது என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சொன்னார்: 'விடுங்க தம்பி. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க.'

திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைக்கு, சொன்னவன் பொறுப்பா? என் சார்பில் ஒரு வக்கீல் வாதாடினால் என்ன சொல்வார்? ஒன்று, மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை. இரண்டு, அவர் விவரம் தெரிந்தவர், முடிவு அவருடையது. மூன்று, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கும் பக்கவாதம் வருகிறது. விட்டதால்தான் வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. மூன்றும் உண்மை. எந்த கோர்ட்டும் என்னை விட்டுவிடும்.

ஆனால், நான் பி.காம். படித்தவன். கணக்கு என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நான் அவரிடம் காட்டியது ஒரு பக்கம்தான். அம்மா கஷாயம் குடித்தது நிஜம். அதே மூன்று மாதத்தில் ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டதும் நிஜம். தினமும் சாயங்காலம் கோயிலுக்கு நடந்தே போனாள். மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. இதில் எது கேட்டது? எனக்குத் தெரியாது. தெரியாததை 'நல்லாக் கேட்டுது' என்று சொன்னேன். அது பொய்யா? பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்று ஒரு டாக்டர் இருந்தார். உடம்பு வீங்கி நீர் கோக்கும் நோய்க்கு ஷ்ராப்ஷைர் பக்கத்துக் கிழவி ஒருத்தி ரகசியமாக வைத்திருந்த பச்சிலை மருந்து 1775-ல் அவர் பார்வைக்கு வந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரே செடிதான் என்று கண்டுபிடித்தார். பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு 1785-ல் புத்தகம் போட்டார். அதில் பிழைத்தவர்களை மட்டும் அவர் எழுதவில்லை. பலிக்காத கேஸ், அளவு கூடி வாந்தி எடுத்த கேஸ், எல்லாவற்றையும் எழுதினார். இதயத்துக்கு இன்றும் தரப்படும் டிகாக்சின் அந்தச் செடி வகையில் இருந்து வந்ததுதான். குணப்படுத்தும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் அதில் இடைவெளி மிகவும் குறைச்சல்.

கிழவியின் மருந்தை அவர் கேலி செய்யவில்லை. அதற்குக் கணக்கு எழுதினார். அவ்வளவுதான்.

நம் ஊரிலும் அப்படி எழுதியவர்கள் உண்டு. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, முடிவுகளை 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு, அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கடும் மனச்சோர்வு வந்ததையும் டாக்டர்கள் எழுதினார்கள். கணக்கில் இரண்டு பக்கமும் ஏறியது.

'இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது' என்றேன் அல்லவா? அதைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். நல்லது செய்கிற அளவுக்குச் சக்தி உள்ள ஒரு பொருளுக்குக் கெட்டது செய்ய மட்டும் சக்தி இருக்காதா? தொண்டைக் கரகரப்புக்கு வாயில் போட்டுக்கொள்கிறோமே அதிமதுரம், அதையே நாள்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் தங்க அரளியின் விதையில் இருப்பது டிகாக்சினுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இதயத்தையே நிறுத்திவிடும். எல்லாம் இயற்கைதான்.

மருதம்பட்டைக்கும் சோதனை நடந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் அதனால் கூடவில்லை. அங்கேகூட, வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க, ஐந்தரை வருஷம் படித்த சித்த டாக்டர்கள் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடமும் அவரை நான் அனுப்பவில்லை. ஆங்கில மருத்துவமும் இல்லாமல், சித்த மருத்துவமும் இல்லாமல், 'எங்கம்மா மருத்துவம்' பார்த்தேன்.

கல்லூரியில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 படித்தோம். அதன் 128-வது பிரிவு பரீட்சையில் அடிக்கடி வரும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, கடன்காரனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவனுக்கும் உண்டு. அதனால்தான் மச்சானே வந்து கேட்டாலும் ஜாமீன் கையெழுத்துப் போட யோசிக்கிறோம். இருபதாயிரம் ரூபாய்க் கடனுக்கு இத்தனை யோசனை. ஒரு மனிதரின் இதயத்துக்கு, நடந்துகொண்டே, யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

அப்படியானால் யாருக்கும் எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் ஒழுக்கமா? அதுவும் சரியில்லை. நம் ஊரில் யோசனை சொல்வது ஒருவகைப் பிரியம். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பது மாதிரி. அதை நிறுத்திவிட்டால் பக்கத்து வீடு வெறும் கதவாகிவிடும்.

ஆனால் சொன்னதோடு வேலை முடியவில்லை என்று நினைக்கிறேன். சொன்னால் முழுக் கணக்கையும் சொல்ல வேண்டும்: 'அம்மா மாத்திரையும் போட்டாள் சார்.' அடுத்த வாரம் போய்க் கேட்க வேண்டும்: 'பி.பி. பார்த்தீங்களா?' இந்த இரண்டுக்கும் தயாரில்லை என்றால், அந்த யோசனை அவருக்காகச் சொன்னது இல்லை. நமக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சொன்னது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அன்று அவர் என்னிடம் மருந்து கேட்கவே இல்லை. டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றுதான் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள். 'வாங்க சார், சேர்ந்து போய்க் கேட்கலாம்' என்று நான் சொல்லியிருக்கலாம்.

இப்போது அதைத்தான் செய்கிறேன். மாதம் ஒருதரம் அவரோடு டாக்டரிடம் போகிறேன். அவர் கேட்க நினைத்து மறந்ததை நான் கேட்கிறேன். 'உங்களுக்கு எதுக்கு தம்பி சிரமம்' என்கிறார்.

ஜாமீன் போட்டவன் தவணை கட்டுகிறேன், வேறென்ன?