சந்தனம் ஏறிய எழுத்து

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு தெரு. ஒரு வீட்டுத் திண்ணையில் அரிவாள், கடப்பாறை, மண்வெட்டி, டிராக்டர் சாவி, பையனின் லேப்டாப் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. கடைசியில் ஒரு வாள். அதன் அலகு முழுக்கச் சந்தனம் பூசியிருந்தது. மேலே வாடிய ஒரு சாமந்தி.

"சண்டைக் கத்தி சார்" என்றார் அந்த வீட்டம்மா. "எங்க மாமனாரு இருந்தப்ப மாடி ரூம்ல ஒரு வெள்ளைக்காரரு வாடகைக்கு இருந்தாரு. போவும்போது வச்சிட்டுப் போயிட்டாரு. வருஷத்துக்கு ஒருவாட்டி கட்டிலுக்கு அடியிலருந்து எடுத்து வெப்போம்."

கையில் வாங்கினேன். பார்வைக்குத் தெரிந்த எடை கைக்குத் தெரியவில்லை. அலகின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன், தோல் கூடக் கீறவில்லை. சாணைக் கல்லை அது கண்டதே கிடையாது. பக்கத்தில் கிடந்த அரிவாள்தான் உண்மையில் ஆயுதம்.

*

சண்டை என்று அந்த அம்மா சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும், அந்த மாதமே திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையோடு ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து மோதினார்கள். இந்த மலை அதையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அப்போது கை நழுவிய வாளாக இருக்கட்டுமே என்று மனசு ஆசைப்பட்டது. ஆனால் உறையில் நிக்கல் முலாம். அந்த முலாம் தொழில் உலகில் பரவியதே 1870களை ஒட்டித்தான். ஹைதர் கழன்றுகொண்டார்.

கைப்பிடியின் உச்சியில் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலை இருந்தது. தலைக்கவசம் அணிந்த ஐரோப்பிய வீரனின் சின்னஞ்சிறு தலை. எத்தனை பேரின் உள்ளங்கை பட்டதோ, மூக்கு தேய்ந்து போயிருந்தது.

*

அடுத்து நினைவுக்கு வந்தது தலைவெட்டிக் கோயில். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்கள் ஃப்ரீமேசன் சங்கக் கட்டடத்துக்கு வைத்திருந்த பெயர் அது. யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைப் பதிவு செய்திருக்கிறது. புதிதாகச் சேருகிறவனின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்கள் என்று ஊரில் பேச்சு. வடக்கே அதற்கு ஜாதுகர், மாயவித்தை வீடு. கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் கூடினால் வெளியே நிற்கிறவன் கதை கட்டத்தான் செய்வான். பாதிப் பழி வாளுக்கும் சேரும். அவர்கள் கூடும்போது வாசலில் உருவிய வாளோடு ஒருவர் காவல் நிற்பார். டைலர் என்று பெயர், தையற்காரர் இல்லை.

மதராஸில் 1752லேயே சங்கம் தொடங்கிவிட்டது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். இந்தியர்களில் அவரையே முதல் மேசன் என்று சொல்வார்கள். இங்கிலாந்துத் தலைமைச் சங்கம் மகிழ்ந்துபோய் அவருக்குச் சங்கத்து ஏப்ரன் ஒன்றும் சட்டப் புத்தகமும் அனுப்பிவைத்தது. எழும்பூர் எத்திராஜ் சாலையில் 1920களில் எழுந்த அவர்களுடைய தூண் வைத்த மண்டபம் இன்றும் நிற்கிறது. பஸ்ஸில் போகிற எத்தனை பேர் அதைக் கோர்ட்டு என்று நினைக்கிறார்களோ தெரியாது, நான் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அங்கிருந்து இங்கே வந்ததாக இருக்கலாம். ஆனால் மேசன்களின் அடையாளமான கவராயமும் மூலைமட்டமும் வாளில் எங்குமே இல்லை.

*

"எடுத்து வெக்கணும், கொஞ்சம் துடைச்சுக் குடுங்க சார்" என்று ஒரு பழைய துண்டைக் கொடுத்தார்.

துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொரியாக உதிர்ந்தது. உதிராமல் கொஞ்சம் உள்ளே நின்றுவிட்டது. இரும்பில் இரும்பு நிறமாகவே கிடந்து அதுவரை கண்ணில் படாத கோடுகள் மஞ்சளாக எழுந்து வந்தன. முதலில் ஒரு கொடி. கொடிக்குள் ஒரு கேடயம். கைப்பிடிப் பக்கம் செய்தவர் பெயர்: எம். சி. லில்லி அண்ட் கம்பெனி, கொலம்பஸ், ஓஹியோ. குறுக்குக் கட்டையில் மூன்று எழுத்து: எஃப், சி, பி.

அலகின் நடுவில் ஒரு ஆளின் பெயர், முன்பெயரும் குடும்பப் பெயருமாக. அதை இங்கே எழுதப் போவதில்லை.

*

இரண்டு இரவு தேடியதில் வாள் தன் ஊரைச் சொல்லிவிட்டது. நட்பு, ஈகை, நல்லெண்ணம் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்த எஃப், சி, பி. சங்கத்தின் பெயர் நைட்ஸ் ஆஃப் பித்தியஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியாத 1864இல் வாஷிங்டனில் ஜஸ்டஸ் ராத்போன் தொடங்கியது. சீருடைப் பிரிவு வந்தது 1878இல். லில்லி கம்பெனி 1865இல் கொலம்பஸில் தொடங்கி, பின்னாளில் ஏம்ஸ் வாள் நிறுவனத்தோடு சேர்ந்து பெயர் மாறியது. ஆக, சீருடை வந்த பிறகு, பெயர் மாறும் முன்பு செய்த வாள்.

இப்படிச் சங்கம் அங்கே ஊருக்கு நாலு இருந்தது. மளிகைக்காரர், ரயில்வே குமாஸ்தா, கொல்லர் எல்லாரும் சேர்ந்தார்கள். படுத்தால் உதவிப்பணம் வரும், செத்தால் அடக்கச் செலவு கிடைக்கும். அரசாங்க ஓய்வூதியச் சட்டம் 1935இல் வரும்வரை பலருக்கு அதுதான் கதி. நம் ஊர்ச் சீட்டும் மரண நிதியும் மாதிரிதான், ஆனால் தொப்பியில் இறகும் இடுப்பில் வாளும் சேர்த்தி. விலைப்பட்டியல் பார்த்து ஆர்டர் கொடுக்கும்போதே பெயரையும் எழுதி அனுப்பலாம். அலகின் மேல் மெழுகுப் பூச்சு கொடுத்து, எழுத்துக்கு மட்டும் இடம் விட்டு அமிலத்தை வைப்பார்கள். அமிலம் அரித்த பள்ளம்தான் பெயர். அந்தப் பள்ளத்தில்தான் அடி அண்ணாமலைச் சந்தனம் உட்கார்ந்திருக்கிறது.

*

பித்தியஸ் யார்? சிராக்யூஸ் நகரத்துக் கிரேக்கக் கதையில் வரும் இரண்டு நண்பர்களில் ஒருவன். மன்னன் அவர்களில் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கிறான். வீட்டு விவகாரத்தை முடித்து வர அவன் தவணை கேட்க, அதுவரை அவன் உயிருக்கு ஈடாக நண்பன் சிறையிருக்கிறான். போனவன் சொன்னபடி திரும்பி வந்துவிடுகிறான், மன்னன் இருவரையும் விட்டுவிடுகிறான்.

எனக்குப் பிசிராந்தையார் ஞாபகம் வந்தது. முகமே பாராத கோப்பெருஞ்சோழனுக்காக வந்து, அவனைப் போலவே வடக்கிருந்து உயிர்விட்டவர். கிரேக்கக் கதையில் இருவரும் பிழைக்கிறார்கள். நம் கதையில் ஒருவரும் பிழைக்கவில்லை. எது உசத்தி என்ற பேச்சுக்கே போகவில்லை. ஆனால் ஆந்தையார் பெயரில் வாள் செய்ய நமக்குத் தோன்றவில்லை, அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

*

இங்கே கொண்டுவந்தவர் வாளுக்குரியவர் இல்லை, காலம் ஒத்துவரவில்லை. பேரனாக இருக்கலாம். எந்தப் பேரன் கடல் தாண்டி மலை சுற்ற வரும்போது தாத்தாவின் வாளைக் கட்டி எடுத்து வருவான்? ராணுவத்தை விட்டுவிட்டு 1935இல் ரமணரிடம் வந்த மேஜர் சாட்விக் போன்றவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், அவர்கள் இறக்கிவைத்தவற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. இந்த மனிதர் மாடி அறையை ஒழித்துக் கொடுத்துப் போகையில் துணிமணியை எடுத்துக்கொண்டு இதை வைத்துவிட்டிருக்கிறார். மறதியா, கழித்துப் போட்டதா? மாமனாருக்குத் தெரிந்திருக்கும், அவரும் இல்லை.

*

"சண்டைக் கத்தி இல்லம்மா" என்றேன் அடுத்த முறை போனபோது. "ஒரு சங்கத்துக் கத்தி. ஊர்வலத்துல புடிச்சிக்கிட்டு நடக்குறதுக்கு."

"சும்மா நடக்குறதுக்கா?"

"ஆமா."

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொண்டுவந்தார். அலகில் ஏற்கெனவே புள்ளி புள்ளியாகத் துரு. சந்தனத்தில் ஈரம் நிற்கும், இரும்புக்கு ஆகாது, ஊசியால் சுரண்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"பூஜை போட்டதைச் சுரண்டக் கூடாது சார். எண்ணெய் வேணும்னா போடறேன்."

தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி அலகின் இரண்டு பக்கமும் தேய்த்தார். எண்ணெய் பட்டதும் அந்தப் பெயர் இன்னும் மஞ்சளானது. பழைய வேட்டிக் கிழிசலில் சுருட்டி, முறத்துக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவே உள்ளே தள்ளினார்.