உறுதி இல்லாதவர்களின் பாடசாலை

வெள்ளவத்தையில் ஐந்து வயதை எட்டும் பிள்ளை உள்ள வீட்டில் ஆனி, ஆடி மாதங்களில் காகிதத்தைப் பற்றிய பேச்சுத்தான் நடக்கும். வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது? தேர்தல் இடாப்பில் ஐந்து வருடமும் பெயர் விழுந்ததா? பழைய மின்சார பில்களை யாராவது எறிந்துவிட்டார்களா? தகப்பன் வரைபடத்தை விரித்து வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் நேர்கோட்டில் இணைத்துப் பார்ப்பார். அந்தத் தூரத்துக்குள் வேறொரு அரச பாடசாலை குறுக்கிட்டால் புள்ளி குறையும். காலி வீதி நெடுகப் பாடசாலைகள் நிற்பதால் குறுக்கிடாமல் இருப்பதுதான் அதிசயம்.

தரம் ஒன்று அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றறிக்கையில் அடிப்படைக் கணக்கு பல வருடங்களாக ஒன்றுதான். அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 50 இடம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25. மிச்சத்தைத்தான் அங்கே படிப்போரின் தம்பி தங்கைகளும், இடமாற்றம் பெற்றுவந்த உத்தியோகத்தரின் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும் பங்குபோட வேண்டும். கடைசியாகச் சொன்னவர்களுக்கு நூற்றில் ஒன்று.

இந்த விதியைக் குறை சொல்வது லேசு. அது இல்லாவிட்டால் அரசியல்வாதியின் கடிதமும் நன்கொடை உறையும் மட்டுமே பேசும். அந்த வகையில் அது நியாயமான விதிதான். ஆனால் ஒருவர் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் படித்து, படித்த இடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, அங்கேயே பிள்ளை பெறுவார் என்று அது நம்புகிறது. கொழும்புத் தமிழருக்கு அப்படி வாழக் கிடைத்ததா?

மெயில் ரயிலில் வந்திறங்கிய யாழ்ப்பாண உத்தியோகத்தர்கள் முதலில் 'சம்மரி'களில்தான் இருந்தார்கள். ஒரு வீடு, ஆறேழு கட்டில், ஒரு சமையற்காரர். குடும்பம் வந்த பிறகுதான் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. கொட்டாஞ்சேனையில் 1865ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு நல்லாயன் கன்னியர்களின் பாடசாலை இருந்தது. தமிழோடு சைவமும் வேண்டும் என்றவர்கள் தாங்களே கூடினார்கள். வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகம் 1930களிலேயே பெண்களுக்குப் பாடசாலை நடத்தியது. இந்து வித்தியா விருத்திச் சங்கம் 1951இல் பம்பலப்பிட்டியில் தொடங்கியது இன்றைய இந்துக் கல்லூரி.

பாடசாலை யாருடையது என்று கொழும்பில் வெளிப்படையாகச் சண்டை பிடித்தவர்கள் கத்தோலிக்கப் பெற்றோர். உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1960இல் சட்டம் வந்ததும், அவர்கள் வகுப்பறைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் குடியிருந்தார்கள். 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து இரு தரப்போடும் பேசிய பிறகே எழும்பிப் போனார்கள். ஆசீர்வாதப்பர் போன்ற சில பெரிய கல்லூரிகள் கட்டணம் வாங்காத தனியார் பாடசாலைகளாகத் தப்பின.

வகுப்பறையில் படுத்து உரிமை கேட்டவர்களின் கதை அது. உரிமை எதுவும் கேட்காமல் படுத்தவர்களும் இருக்கிறார்கள். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தில் ரோயல் கல்லூரி அகதி முகாமானது. மறுபடி கலவரம் மூண்டு 1983 ஜூலை 25ஆம் தேதி வெள்ளவத்தை எரிந்தபோது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்குச் சனம் ஓடியது. கடைச் சிப்பந்தியும் டாக்டரும் ஒரே மண்டபத்தில், ஒரே சீமெந்துத் தரையில். பெடியன்களுக்கென்று கட்டிய மலசலகூடங்களுக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக வரிசை. உங்கள் பிள்ளை இங்கே படித்ததா, வீடு எத்தனை மீற்றர் தூரம் என்று அன்றைக்கு எவரும் கேட்கவில்லை. வீட்டு உறுதி வைத்திருந்தவர்களுக்கும் அப்போது வீடு இல்லை. பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அங்கிருந்து இந்தியா, இலண்டன், கனடா.

போனவர்களின் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். 1990களில் போர் துரத்தி வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறைகளும் அனெக்ஸ்களும்தான் வீடு. போரில் பாதிக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மாணவருக்காக அகில இலங்கை இந்து மாமன்றம் இரத்மலானையில் விடுதி நடத்தியது. லொட்ஜில் வளர்ந்த பிள்ளைக்கோ பொலிஸ் பதிவுத் துண்டுதான் முகவரி. அதுவும் எவ்வளவு மெல்லியது என்பது 2007 ஜூன் 7ஆம் தேதி தெரிந்தது. கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை விடியப்புறம் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே தடை உத்தரவு போட்டது.

இவர்களில் ஒரு தகப்பன் விண்ணப்பம் நிரப்பினால் என்ன நடக்கும்? பழைய மாணவன் என்ற புள்ளி அவருக்கு உண்டு, ஆனால் அது யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் கிடக்கிறது. இந்துக் கல்லூரியில் படித்தவரோ ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய 25 சதவீதப் பங்கை அவர் பிள்ளை எடுக்கப் போவதில்லை. படித்தவருக்குத் தேவையில்லாத உரிமை, தேவைப்படுபவருக்குச் செல்லாத உரிமை. இரண்டும் ஒரே சுற்றறிக்கையில் பக்கத்துப் பக்கத்துப் பந்திகளில் இருக்கின்றன.

தூரத்தில் இருக்கும் பழைய மாணவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. இராப்போசன விருந்து வைத்துக் காசு சேர்த்து ஆய்வுகூடத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். பத்து வருடம் படித்த இடத்தின் மேல் நாற்பது வருடம் பாசம் வைத்திருப்பது சின்ன விஷயமில்லை. இங்கேயே இருப்பவர்களுக்குப் பாடசாலை என்றால் வான் கட்டணமும் டியூசன் நேர அட்டவணையும் என்றாகிவிட்டது, பாசத்துக்கு நேரமில்லை.

அந்தப் பாசம் வீடாகவும் வந்திருக்கிறது. போர் முடிந்த பிறகு காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்த மாடிக் குடியிருப்புகளில் வெளிநாட்டுத் தமிழர் பலர் வீடு வாங்கியிருக்கிறார்கள். டிசம்பரிலும் கோயில் திருவிழாவுக்கும் திறந்து, மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள். உறுதி இருக்கிறது, தூரமும் சரி, பள்ளிக்கூடம் போகப் பிள்ளை இல்லை. வாடகைக்கு விட்டாலும் குத்தகையைப் பதிவுசெய்ய உரிமையாளர் தயங்குவார், நாளைக்கு எழுப்ப முடியாமல் போய்விடும் என்ற பயம். பதியாவிட்டால் வாடகைக்காரரின் பிள்ளைக்குப் புள்ளி விழாது. அந்தப் பிள்ளையின் தாய் இந்தத் தவணையில் வீட்டுக்காரருக்கு எடுக்கும் வாட்ஸ்அப் அழைப்பில் முதல் பத்து நிமிடம் கனடாக் குளிரைப் பற்றித்தான் போகும். அவரும் இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் என்றால் பேச்சு அங்கே திரும்பும், அவர் சந்தோஷமாகப் பேசுவார். குத்தகைப் பத்திரத்தை அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும்.