தலையெழுத்தும் மூளையலையும்

தலையெழுத்து என்னும் சொல் தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பழகி வருவது. குழந்தை பிறக்கும்போதே நான்முகன் அதன் தலையில் எழுதிவிடுகின்றான் என்றும், மண்டையோட்டின் பொருத்துவாய்களில் நெளிந்தோடும் கோடுகளே அவ்வெழுத்து என்றும் நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அதனைப் படிக்க வல்லார் ஒருவரும் இலர் என்பதும் அந்நம்பிக்கையின் ஒரு கூறாகும். படிக்க இயலாமையே அவ்வெழுத்தில் அமைந்த அருள் என்றுகூடத் தோன்றுகிறது. 1924ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனிதத் தலையின்மேல் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1929இல் அதனை உலகறிய வெளியிட்டார். அன்று தொடங்கித் தலை தானே தாளில் எழுதுகிறது. அவ்வெழுத்தைக் கொண்டு, இன்னும் நோயுறாத ஒரு சிறுவனுக்கு நாளை மனநோய் வருமா என்று முன்னறிய இயலுமா என ஆராய்கின்றனர் இக்கால அறிஞர். இயலுமாயின், அதனை யாரிடம் சொல்வது? சொன்னபின் அவனை நாம் எவ்வாறு நடத்துவோம்?

நம் பெங்களூரில் இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இவ்வூரில் இராது. பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும், 1954இல் தோன்றிய அனைத்திந்திய மனநல நிறுவனமும் 1974 டிசம்பரில் ஒன்றாகி உருவானது அது. தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பேருந்தேறி வரும் உறவினர், நம் வீட்டுக் கூடத்தில் ஓரிரவு தங்கி, விடியலில் அங்குச் சென்று வரிசையில் நிற்பர். அண்டை வீட்டார் வினவினால், ‘சும்மா தலைவலி, அவ்வளவுதான்’ என்று விடை கூறுவோம். ஊரில் இருந்தவரை மறைக்க இயலாத செய்தியை, புலம்பெயர்ந்த நகரில் மறைத்தல் எளிது. அவ்வெளிமை நன்மையா என்பது வேறு வினா.

அந்நிறுவனமும், இவ்வூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும், இன்ஸ்டெம் என்னும் ஸ்டெம்செல் ஆய்வு நிறுவனமும் இணைந்து 2016ஆம் ஆண்டளவில் ஓர் அரிய முயற்சியை மேற்கொண்டன. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் கடும் மனநோய்க்கு ஆளாகியிருப்பின், அக்குடும்பத்தில் நோயுற்றோரை மட்டுமன்றி நோயுறாத உடன்பிறந்தாரையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்குவதே அம்முயற்சி. மரபணுக்களை ஆராய்கின்றனர், மூளையைப் படமெடுக்கின்றனர், குருதியிலிருந்து ஸ்டெம்செல்களை ஆக்கி, அவற்றிலிருந்து நரம்பணுக்களையே கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்க்கின்றனர். பாட்டன் முதல் பேரன் வரை ஒரு கூரையின்கீழ் அறியக் கிடைக்கும் நம் நாட்டுக் குடும்ப அமைப்பு இவ்வகை ஆய்வுக்குப் பெருந்துணை.

இங்குக் குடும்பத்தின் வழியாகத் தேடுவதை, மேலைநாட்டார் வேறொரு வழியாகவும் தேடி வருகின்றனர். 22ஆம் குரோமோசோமில், ஏறத்தாழ 30 இலட்சம் எழுத்துகள் அடங்கிய ஒரு சிறு துண்டு, சிலருக்குப் பிறப்பிலேயே இல்லாது போகிறது. 2,000 முதல் 4,000 பிறப்புக்கு ஒன்று என இதனைக் கணக்கிடுவர். இதயத்தில் ஓட்டை, அண்ணப் பிளவு, குருதியில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, கற்றலில் தாமதம் எனப் பல முகங்களில் இது தோன்றும். இவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வளர்ந்தபின் மனச்சிதைவு நோய்க்கு ஆளாகின்றனர். பொதுமக்களிடையே அது நூற்றுவரில் ஒருவர் என்னும் அளவினது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இவ்விழப்பு பெற்றோரிடமிருந்து வருவதே அன்று. கரு உருவாகும்போது புதிதாக நேர்வது. ‘உன் வீட்டுக் குருதியா, என் வீட்டுக் குருதியா’ என்று சம்பந்திகள் வாதிடும் இல்லங்களில் இச்செய்தியை உரக்கப் படித்துக் காட்டலாம்.

(மனச்சிதைவு என்னும் பெயரே நமக்கு உடன்பாடன்று. சிதைந்தது மீளாது என்னும் பொருள் அதில் தொனிக்கிறது. ஜப்பானியர் 2002இல் பிளவுண்ட மனம் எனப் பொருள்பட்ட தம் பழம்பெயரைக் கைவிட்டு, ஒருங்கிணைப்புக் குலைவு என்னும் பொருள்தரும் பெயரைச் சூட்டிக்கொண்டனர். நம்மிடம் வேறு பெயர் வழக்கில் வேரூன்றாமையால் இதனையே ஆள்கிறோம்.)

இத்துண்டை இழந்தவர்களின் மூளையலைகளை நோக்கி, அந்த நால்வருள் நோயுறப்போகும் ஒருவர் யார் என அறிய முடியுமா என்பதே இன்றைய தேடல். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, இடையே வேறோர் ஒலியைப் புகுத்தினால், நாம் கவனியாதிருந்தாலும் மூளை அம்மாறுதலை நொடியில் கால்பங்கிற்குள் கண்டுகொண்டு ஓர் அலையை எழுப்பும். மனச்சிதைவு உற்றோரிடம் அவ்வலை தணிந்து காண்கிறது. துண்டிழந்த பிள்ளைகளிடமும் அவ்வாறே தணிகிறதா எனில், ஆய்வுகள் ஒன்றோடொன்று முற்றும் ஒத்துவரவில்லை. 2022இல் கார்டிஃப் ஆய்வாளர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, 6 முதல் 20 வயது வரையிலான இத்தகையோரின் உறக்க அலைகளை அவரவர் உடன்பிறந்தாரின் அலைகளோடு ஒப்பிட்டது, வேறுபாடு தெரிந்தது. ஒரே தாயின் கையால் உண்டு, ஒரே வீட்டில் உறங்கும் இருவருள் ஒருவரின் அலை வேறாய் இருக்கிறது. எனினும் இவை யாவும் கூட்டத்தைப் பற்றிய உண்மைகள். இந்தக் குழந்தை, இந்த ஆண்டில், நோயுறும் என்று எந்த அலைக்கோடும் இன்றுவரை உறுதி கூறியதில்லை.

இவ்விடத்தில்தான் தமிழராகிய நாம் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. பிறப்பிலேயே இடப்பட்ட ஒரு குறியைக் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. மூல நட்சத்திரத்தில் பிறந்தாள் என்றும், செவ்வாய் தோஷம் உடையாள் என்றும் ஒதுக்கப்பட்டு, முப்பது கடந்தும் மணமாகாதிருந்த பெண்களை நாம் அறிவோம். அவர்கள் செய்த குற்றம் யாது? ஒரு தாளில் ஒரு கட்டம். ஜோதிடத்தைப் பழித்துவிட்டு, அதே கையில் மரபணுத் தாளை ஏந்தி, அதே கேள்வியை நாம் கேட்போமாயின் மாறியது தாள் மட்டுமே. வேறுபாடும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. கட்டத்திற்கு மெய்ச்சான்று இல்லை. குரோமோசோம் இழப்புக்கு உண்டு. ஆனால் மெய்யான குறி ஆதலினாலேயே இதன் கொடுமை மிகக்கூடும். பொய்க்குறியை நகைத்து ஒதுக்கலாம். நால்வரில் ஒருவர் என்னும் எண்ணை அவ்வாறு ஒதுக்க முடியாது. நம் மனமோ அவ்வெண்ணின் மறுபாதியைப் படிப்பதில்லை. நால்வரில் மூவருக்கு அந்நோய் வருவதில்லை என்பதும் அதே கணக்கின் உண்மைதானே!

மரபணு ஒன்றே யாவற்றையும் முடிவு செய்வதும் இல்லை. ஒரே கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவர் மனச்சிதைவு உற்றால், மற்றவர் நோயுறாதிருப்பதே மிகுதி. 1932இல் நார்வே மருத்துவர் ஓடகார்டு, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய தம் நாட்டாரிடையே இந்நோய், தாயகத்தில் வாழ்வோரைவிட மிகுதி எனக் கண்டார். பிறந்த மண்ணை விட்டு வாழும் நமக்கு இச்செய்தி எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. தனிமையும் இழிவும் மூளைக்குள் புகுகின்றன என்றே நாம் கொள்கிறோம். அவ்வாறாயின், ‘இவன் நாளை பித்தனாவான்’ என்று ஒரு சிறுவனை வீட்டார் கண்களால் அன்றாடம் அளந்துகொண்டிருப்பதும் அவன்மீது ஏற்றப்படும் ஒரு சுமையே.

அப்படியானால் அறியாதிருப்பதே நன்றோ? இல்லை. நோயின் முதற்காரணத்தை நாடச் சொன்னவர் வள்ளுவர். அறியாமையை மருந்தாகக் கொள்ளச் சொன்னாரில்லை. இதயக் குறையை அறுவையால் சீர்செய்யலாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் வலிப்பையும் பதற்றத்தையும் மாத்திரையால் தடுக்கலாம். விடலைப் பருவத்தில் ஐயமும் குரல்களும் தலைகாட்டினால், காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லலாம். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோயுற்ற 90 பேரை மருத்துவர் தாரா குழுவினர் இருபதாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து நோக்கினர். பலர் தேறி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பியதை அவ்வாய்வு காட்டியது. ஆகவே பெற்றோர் அறிதல் கடமை. ஊரார் அறிதல் கடமையன்று. பிள்ளையிடமோ, அவன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப, சிறிது சிறிதாகச் சொல்லியாக வேண்டும். அது அவனுடைய செய்தி, பெற்றோர் அதற்குக் காவலர் மட்டுமே. துண்டிழந்த ஒருவர் தம் குழந்தைக்கு அதனைத் தருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. எனவே மணம் பேசும்போது மறைத்தல் அறமன்று. அதனைச் சொல்ல வேண்டியவர் அவரே, மணக்கவிருக்கும் துணையிடம், தரகரிடம் அன்று.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்தியைக் காக்கும் உரிமையை அளிக்கிறது. 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம், மரபணு நோய் என்ற பொதுப்பெயரால் காப்பீட்டை மறுத்தல் செல்லாது என்றது. ஆனால் கல்யாணத் தரகரின் நாவைச் சட்டம் ஒன்றாலேயே கட்டிவிட முடியாது.

ஓசூர்ச் சாலையின் ஆய்வுக்குத் தமையனை அழைத்துவரும் தங்கையைப் பற்றியே நாம் மிகுதியும் எண்ணுகிறோம். அவள் நோயுற்றவள் அல்லள். ஆயினும் குருதி தருகிறாள். படக்கருவிக்குள் அசையாது கிடக்கிறாள். அதன் பயன் அவளுக்கோ அவள் தமையனுக்கோ உடனே கிட்டப்போவதில்லை. என்றோ பிறக்கவிருக்கும் ஒருவருக்குக் கிட்டலாம். ‘என் அலைகளில் நீங்கள் எதைக் கண்டாலும் எனக்குச் சொல்ல வேண்டா’ என்று அவள் கேட்டுக்கொள்வாளாயின், அவளைக் கோழை என்று கூற நமக்கு மனம் வரவில்லை. ‘சொல்லுங்கள்’ என்று அவள் கேட்பாளாயின், அதற்கு விடைகூறும் மருத்துவர் அருகில் அமர்ந்து, அவளுடைய தாய்மொழியில், அவள் வினாக்கள் தீரும்வரை பேசுதல் வேண்டும்.