வழித்தோன்றலின் கடன்

எவரும் தாம் பிறக்கும் குடியைத் தேர்ந்துகொண்டு பிறப்பதில்லை. ஆயினும் நாடு போற்றும் தலைவர் ஒருவரின் குடியில் பிறந்தவரை உலகம் தனிக் கண் கொண்டு நோக்குகின்றது. சிறப்புற்றால் குருதியின் பெருமை என்கிறோம். தவறினால் குலத்துக்கு இழுக்கு என்கிறோம். அவருடைய சொந்த முயற்சிக்கு நாம் இடமே வைப்பதில்லை. இது முறையாகுமா?

காந்தியடிகளின் மூத்த மகன் ஹரிலால் 1888இல் பிறந்தார். தென்னாப்பிரிக்க அறப்போரில் தந்தையைப் பின்பற்றிப் பலமுறை சிறை சென்றார். இலண்டன் சென்று சட்டம் பயில விழைந்தார். ஆனால் நண்பர் ஒருவர் அளித்த கல்வி உதவியைத் தம் மகனுக்கு வழங்குதல் நடுவுநிலை ஆகாது என்று கருதிய அடிகள், அதனை வேறொருவருக்கு அளித்தார். 1911இல் மகன் தந்தையை விட்டுப் பிரிந்தார். பின்னர் மதுவிலும் கடனிலும் தளர்ந்து, தந்தை மறைந்த அதே 1948ஆம் ஆண்டில் பம்பாயில் இறந்தார்.

பொதுப்பணத்தில் தன் குடும்பத்தை வளர்க்காத தலைவரை நாம் வணங்குகிறோம், அது தக்கதே. ஆயினும் அயலான் ஒருவன் பெறத்தக்கதை, மகன் என்ற ஒரே காரணத்தால் மகன் இழப்பானாயின், அங்கே துலாக்கோல் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது அன்றோ? வள்ளுவர் தந்தையின் கடமையையும் மகனின் கடமையையும் மக்கட்பேறு என்னும் ஒரே அதிகாரத்தில் வைத்தமை இங்கு எண்ணத்தக்கது.

1927இல் உடல்நலம் குன்றிய அடிகள் நந்தி மலையிலும் நம் பெங்களூரிலும் தங்கி ஓய்வு கொண்டார். அவருடைய இளைய மகன் தேவதாசும் இராஜாஜியின் மகள் இலட்சுமியும் ஒருவரையொருவர் விரும்பினர். தந்தையர் இருவரும் அவர்களைப் பல்லாண்டு காத்திருக்கச் செய்தனர். 1933இல்தான் மணம் நிகழ்ந்தது. அவர்தம் மக்களுள் இராஜ்மோகன் காந்தி பாட்டனார் இருவரின் வரலாற்றையும் எழுதினார். 1989இல் அமேதியில் போட்டியிட்டுத் தோற்றார். கோபாலகிருஷ்ண காந்தி தமிழகத்தில் ஆட்சிப் பணி புரிந்து, 2004 முதல் 2009 வரை மேற்கு வங்க ஆளுநராக விளங்கினார். 2017இல் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் வெற்றி பெறவில்லை. பெயருக்காக வாக்களிக்க எவரும் கடன்படவில்லை என்பதை இத்தோல்விகள் காட்டுகின்றன. உழைப்பால் அவர்கள் ஈட்டிய மதிப்போ தோல்வியால் குறையவில்லை.

கால்பந்தில் ஆர்வம் மிக்க ஆஸ்டின் டவுனில், பெயர் பெற்ற ஆட்டக்காரரின் மகன் களத்தில் இறங்கினால், கோட்டுக்கு வெளியே நிற்போர் அவன் ஆட்டத்தைக் காண்பதில்லை. தந்தையின் ஆட்டத்தையே தேடுகின்றனர். ஒரு சிறுவனுக்கே இச்சுமை எனில், நாடே கோட்டுக்கு வெளியே நின்று நோக்கும் ஒருவரின் நிலையை என்னென்பது?

காந்தியடிகளைத் தேசத் தந்தை என்று அழைப்பவர் நாம். அச்சொல்லை மெய்யாகக் கொண்டால் அவருடைய வழித்தோன்றல்கள் ஒரு குடும்பத்தார் மட்டும் அல்லர். நாம் அனைவருமே ஆவோம். வாய்மை, எளிமை, பகைவரையும் வெறுக்காமை என்னும் கடன்களைப் பேரப்பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டு, படத்துக்கு மாலையிடுவதோடு நம் பங்கு தீர்ந்தது என நாம் எண்ணுகிறோம். அவர்கள் வழுவும்போது எழும் நம் சினத்தில் இந்தத் தப்பித்தலும் கலந்திருக்கிறது.

ஆதலின் தலைவரின் மரபில் வந்தவருக்குப் பிறப்பால் பதவி அளித்தலும் வேண்டா. பிறப்பால் தண்டனை அளித்தலும் வேண்டா. பிற குடிமக்களை அளக்கும் கோலாலேயே அவர்களையும் அளப்போம். அவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுக்கத்தை முதலில் நம் இல்லத்திலும் அலுவலகத்திலும் கடைப்பிடிப்போம். தலைவர் விட்டுச் சென்ற கடன் அவ்வாறுதான் தீரும்.